ஓட்டாத இரண்டாவது டிரிப்

பின் சீட்டுக்கு அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் வேன்க்கா. தலை சீட்டுக்குக் கீழே, கால்கள் வண்டிக்கு வெளியே. ஒரு கையில் கணவன் டைல்ஸ் ஒட்டும் கரண்டி, இன்னொரு கையில் வெந்நீரில் நனைத்த துணி. பள்ளிக்கூட வேன் ஓட்டுவதில் ஓட்டுவது பாதி வேலைதான், கழுவுவது மீதி. பென்சில் சீவல், ஒற்றை சாக்ஸ், பாதி கடித்த பிஸ்கட், சில நாள் வாந்தி. எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை.

"ஏய், அது நான் வேலைக்கு எடுத்துட்டுப் போற கரண்டி," என்றான் கணவன், வாசலில் பல் தேய்த்தபடி. "அதுல சூயிங்கத்தைப் பூசிவெச்சா நான் என்ன பண்றது?"

"டைல்ஸ் இன்னும் கெட்டியா ஒட்டும், போங்க."

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதை ரேஷன் கடையிலும் வங்கியிலும்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் வேன் அக்கா என்று ஆரம்பித்து, அவசரத்தில் வேன்க்கா என்று சுருக்கிவிட்டார்கள். பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கும், பெற்றோரிடமிருந்து தெருவுக்கும் அந்தப் பெயர் பரவியது. கல்யாணத்துக்கு முன்னால் பேக்கிங் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்தவள். லாரி ஓட்டும் அண்ணனிடம் வண்டி பழகி, அவன் கழித்துப்போட்ட வேனைச் சரிசெய்து ஓட்ட ஆரம்பித்தாள். எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வயிற்றைப் புரட்டும், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் ஷூவை ஒளித்துவைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு முறை ஒரு குழந்தையின் காய்ச்சலை அம்மாவுக்கு முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாள். அதனால் அந்தத் தெருக்களில் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. டீச்சர் ஒன்று சொன்னால் "பாக்கலாம்" என்பார்கள். வேன்க்கா சொன்னால் "சரிக்கா" என்று முடித்துவிடுவார்கள்.

முன் சீட்டில் அவள் மகள் சிட்டு உட்காருவாள். மூன்றாம் வகுப்பு. வண்டி கிளம்பியதும் வழியில் வரும் கடைப் பலகைகளையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டே வருவது அவள் பழக்கம். இரும்புக் கடை, சைக்கிள் நிலையம், போட்டோ ஸ்டுடியோ, கூட்டுறவு வங்கி. ஒன்றையும் விடமாட்டாள். பின்னால் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு "போதும், நிறுத்துடி" என்று கத்துவார்கள். வேன்க்காவுக்கு அந்தச் சத்தம்தான் காலைக் காபி மாதிரி. ஏழாம் வகுப்போடு நின்றுபோனவள் அவள்.

அன்று காலையும் சிட்டு ஆரம்பித்தாள். இரும்புக் கடை. சைக்கிள் நிலையம். முனை திரும்பியதும், "போட்டோ ஸ்டுடியோ!"

பின்னால் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வண்டியே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"ஏய் லூசு, அது பல் ஆஸ்பத்திரி!"

வேன்க்கா திரும்பிப் பார்த்தாள். ஸ்டுடியோ போய்விட்டது. அந்த வாரம்தான் கடை கை மாறியிருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் பெரிய நீல எழுத்தில் பல் மருத்துவமனை என்று இருந்தது. படம் ஒன்றும் இல்லை, வெறும் எழுத்து. சிட்டு அந்தப் பலகையை நேராகப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள்.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பின்னால் வந்த பைக்குக்காரன் ஹாரனை அடித்துவிட்டு, போகிற போக்கில் திட்டினான். அதற்கப்புறம் சிட்டு ஒரு பலகையும் வாசிக்கவில்லை. கூட்டுறவு வங்கி தன் பாட்டுக்குக் கடந்துபோனது.

பள்ளிக்கூட வாசலில் மற்றவர்கள் இறங்கி ஓடிய பிறகு, வேன்க்கா மகளைத் தோளில் தொட்டு நிறுத்தினாள். கேட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். "இதுல முதல் வரி என்ன?"

சிட்டு அறிவிப்பைப் பார்க்கவில்லை. அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். அந்த உதடு எந்த எழுத்துக்குக் குவியப்போகிறது, எதற்கு விரியப்போகிறது என்று காத்திருந்தாள். இது இன்று பழகிய காத்திருப்பு இல்லை என்று வேன்க்காவுக்கு அந்தக் கணமே தெரிந்தது. எத்தனையோ சாயங்காலம் இதே பார்வையோடு பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தது யார்? வேன்க்காவேதான்.

"மணி அடிச்சுட்டாங்கம்மா," என்று சொல்லிவிட்டு சிட்டு ஓடினாள். மணி அடிக்கவில்லை.

வருட ஆரம்பத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. படிப்பில் கொஞ்சம் தடுமாறும் பிள்ளைகளுக்காக அரசாங்கம் நிதி கொடுத்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் துணை வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதற்கென்றே தனியாக ஒரு டீச்சரும் ஒரு சின்ன அறையும் ஒதுக்கியிருந்தார்கள். நரைத்த தலையும் முழங்கால் வலியுமாக இருந்த அந்த டீச்சர், ஒரு நாள் சாயங்காலம் வேன் ஜன்னலுக்கே வந்து நின்றார்.

"உங்க பொண்ணையும் சேத்திருக்கேன்மா. ஸ்கூல் விட்டதும் ஒரு மணி நேரம். வீட்டுலேர்ந்து காசு ஒண்ணும் தரவேணாம். பெத்தவங்க மாசம் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பேசினாப் போதும்."

"அவளுக்கு எதுக்கு டீச்சர்? ரோட்டுல ஒரு போர்டு விடாம படிக்கிறாளே!"

"ஒரு நாள் வாங்களேன். நான் பாடம் எடுக்கிறப்ப பக்கத்துல உட்காந்து பாருங்க."

"பாக்கலாம் டீச்சர்," என்று கியரைப் போட்டாள் வேன்க்கா.

டீச்சர் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் வண்டிப் பிள்ளைகள். அவர்கள் ஒரு மணி நேரம் தங்கினால் அவள் இரண்டாவது டிரிப் வரவேண்டும். அந்த நேரத்தில்தான் பேக்கிங் கம்பெனி பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிறாள். அவள் யாரிடமும் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. வண்டி ஒரு தடவைதான் வரும், தங்குகிறவர்களை நீங்களே வந்து கூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் சிலர் எப்படியாவது சமாளித்திருப்பார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் "நல்ல கிளாஸாக்கா?" என்று கேட்டபோது, வாய் சும்மா இருக்கவில்லை.

"மக்குப் பசங்கன்னு முத்திரை குத்துறதுக்கு ஒரு கிளாஸ். ஒரு தடவை குத்திட்டா அழியாது, பாத்துக்கோங்க."

பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோதும், "கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடறாங்க. உங்க வேலையை விட்டுட்டுப் போகாதீங்க," என்றாள். யாரும் போகவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக வகுப்பிலிருந்து நின்றது.

சிட்டு பலகையைத் தப்பாகச் சொன்ன அன்று மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் அவள் துணை வகுப்பு அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய இடம். தாழ்ந்த மேசையைச் சுற்றிக் குட்டி நாற்காலிகள், சுவரோரம் மெல்லிய கதைப் புத்தகங்கள். டீச்சர் எழுத்து அட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் அடியை அவர் தப்பாக மடித்திருந்தார். வேன்க்கா அதை வாங்கிச் சரியாக மடித்துக் கொடுத்தாள்.

"என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியலை டீச்சர்."

"தெரியும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாடத்தைப் படின்னேன். கடகடன்னு படிச்சா. பக்கத்தைத் திருப்பவே இல்ல, அடுத்த பக்கத்தையும் சொல்லிட்டா."

வேன்க்கா குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். "வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவா. அதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம்னு நெனச்சேன்."

"கெட்டிக்காரிதான். ஒரு எழுத்தும் படிக்காம மூணாங்கிளாஸ் வரைக்கும் தப்பிச்சு வந்திருக்கான்னா சும்மாவா?"

"நாளைக்கே அனுப்பறேன் டீச்சர். ரெண்டாவது டிரிப் நானே வர்றேன்."

டீச்சர் கையிலிருந்த அட்டைகளைக் கீழே வைத்தார். "எங்கம்மா அனுப்பப்போறீங்க? இந்த வகுப்பை மூடறாங்க. பிள்ளைங்க இல்லாத இடத்துல அரசாங்கம் எதுக்குப் பணத்தைப் போடும்? நாளைலேர்ந்து எனக்கு வேற ஸ்கூல். பாலத்துக்கு அந்தப் பக்கம்."

அவர் குரலில் கோபம் இல்லை. முடிந்துபோன காரியத்தைப் பற்றிப் பேசுகிற குரல். வேன்க்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"ஏதாவது வழி இருக்கா டீச்சர்?"

"நாளைக்குக் காலையில கல்வி ஆபீஸ் மேலிடத்துலேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க. பெத்தவங்களும் வரலாம்னு கேட்டுல ஒட்டியிருக்கோமே, பாக்கலையா? போன தடவை தலைமை ஆசிரியையும் நானும் காலி நாற்காலிங்களைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். நாலு பேர் வந்து, எங்க பிள்ளைக்கு இது வேணும்னு வாயைத் திறந்து சொன்னா ஏதாவது எழுதுவாங்க. இந்த வருஷத்துக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாது."

காலையில் மகளிடம் காட்டிய அறிவிப்பு அதுதான். அதன் முதல் வரியை அவளும் அப்போது வாசிக்கவில்லை.

சாயங்காலம் ஒவ்வொரு வாசலிலும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். வழக்கமாக ஹாரன் அடித்து, பிள்ளையை இறக்கிவிட்டு, கை காட்டிவிட்டுப் போய்விடுகிறவள். எஞ்சின் நின்றதே பெற்றோர்களைப் பயமுறுத்தியது.

"என்னக்கா, வண்டி நின்னு போச்சா?" என்று வெளியே வந்தார் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு.

"இல்லண்ணே. நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வரணும். கூட்டம்."

"கையெழுத்துக்குத்தானே கூப்பிடுவாங்க? நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். பிள்ளைங்களோட நீங்களும் வண்டியிலயே ஏறிக்கோங்க."

"மக்குப் பசங்க கிளாஸுன்னும் சொன்னீங்களே?"

"என் பொண்ணுக்கும் அது வேணும்ண்ணே."

தையல்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். "சரிக்கா," என்றார். சொல் என்னவோ பழைய சொல்தான். அது வர நேரம் எடுத்தது.

கடைசியாக இஸ்திரி போடும் பெண்ணின் வீடு. அவள் மகள், சிட்டுவின் வகுப்புக்காரி. துணை வகுப்பில் முதலில் சேர்ந்தவளும் அவள்தான், படிப்பில் நன்றாக ஏறி வந்துகொண்டிருந்தவளும் அவள்தான். வாசலில் மேசை போட்டு, மலைபோல் குவிந்த சட்டைகளுக்கு நடுவே அம்மா நின்றிருந்தாள். வேன்க்கா சொல்லி முடிக்கும்வரை இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் போய்வந்துகொண்டிருந்தது.

"அந்தக் கிளாஸுக்குப் போனப்ப, துணி சுத்தி வர்ற பேப்பரை எல்லாம் எடுத்துவெச்சுப் படிப்பா," என்றாள் கடைசியில். "எனக்கே படிச்சுக் காட்டுவா. முட்டி மோதித்தான் படிப்பா, ஆனாலும் படிப்பா. டீச்சர் போகச் சொன்னாங்க, அவ அப்பா போகச் சொன்னாரு. நீ சொன்னேன்னுதான் நிறுத்தினேன். இப்பப் புத்தகத்தை எடுத்தாலே வயித்து வலின்றா."

இதுவரை இவளிடம் 'நீங்க, அக்கா' என்று தவிர வேறு மாதிரி பேசியதில்லை அவள். வேன்க்கா அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி நின்றாள்.

"காலையில வண்டியைக் கொண்டுவர்றேன்மா. நீயும் வா."

"வண்டி வேணாம். எனக்கு நடக்கத் தெரியும்."

வீட்டில் கணவன் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. சிட்டுவைக் கூப்பிட்டு, டைல்ஸ் பெட்டிமேல் இருந்த எழுத்தைக் காட்டினான். சிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, "சரி, நீ போய் விளையாடு" என்றான்.

"நாளைக்கு நீங்களும் வாங்க."

"நான் தரையில முட்டி போட்டு வேலை செய்றவன். அங்க வந்து என்ன பேசுவேன்?"

"பேச வேணாம். உக்காருங்க. டிவி முன்னாடி பேசாமத்தானே உக்காந்திருக்கீங்க?"

அவன் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

மறுநாள் காலை வண்டியில் பிள்ளைகளோடு பெற்றோரும் ஏறினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பிள்ளைகளுக்கான சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார் தையல்காரர். "இப்படித்தான் தினமும் போறீங்களாடா?" என்று கேட்டார். "நீங்க குண்டா இருக்கீங்கப்பா," என்றது ஒரு குரல். வண்டி முழுக்கச் சிரித்தது. வேன்க்காவின் கணவன் வேன் படியிலேயே தொற்றிக்கொண்டு வந்தான்.

இஸ்திரி போடும் பெண் முன்னாலேயே நடந்து வந்து, கூட்டம் நடக்கும் அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மேலிடத்திலிருந்து வந்த மேடம் சின்ன வயசுக்காரர். ஒவ்வொருவரையும் பார்த்து வணக்கம் சொன்னார். நேராக விஷயத்துக்கு வந்தார். "ஆரம்பத்துல இவ்வளவு பிள்ளைங்க இருந்தாங்க. ஏன் எல்லாரும் நின்னாங்க? கிளாஸ் சரியில்லையா? டீச்சர் சரியில்லையா?"

தையல்காரர் தரையைப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். வேன்க்காவுக்கு வார்த்தை தயாராக இருந்தது. காலையில் வண்டியைக் கழுவும்போது சொல்லிப் பார்த்தும் இருந்தாள். நான்தான் கெடுத்தேன், என் வசதிக்காகக் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்றாள்.

"வண்டி இல்ல மேடம். கிளாஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போக வண்டி இல்ல. அதான் நின்னுட்டாங்க. டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல. இனிமே வண்டி வரும்."

பாதிதான் வந்தது. மீதியைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். மேடம் குறித்துக்கொண்டார். அறையின் ஓரத்திலிருந்து இஸ்திரி போடும் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியைச் சொல்லிவிடுவாளோ என்று வேன்க்கா பயந்தாள். அவள் சொல்லவில்லை. எழுந்து, "என் பொண்ணு இங்கதான் படிக்க ஆரம்பிச்சா. திரும்ப வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மேடம் நல்லவிதமாகத்தான் பேசினார். இந்த வருடத்துக்குத் துணை வகுப்பு இடம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது, அதைத் திருப்ப முடியாது என்றார். மாதா மாதம் கூட்டத்துக்கு வாருங்கள், வீட்டில் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், எங்கே தடுக்குகிறது என்று வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள், இவ்வளவு பேருக்குத் தேவை என்று தெரிந்தால் அடுத்த வருடத்துக்குத் தன்னால் கேட்க முடியும் என்றார். கேட்பேன் என்றார், கிடைக்கும் என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் சிட்டு நாலாம் வகுப்பு. அங்கே பாடத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள், எழுத்தைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

எல்லோரும் வேலைக்குக் கலைந்தார்கள். டீச்சரின் பெட்டிகள் நடையில் அடுக்கியிருந்தன. அவர் ஆட்டோவுக்காக வாசலைப் பார்த்து நின்றார். வேன்க்கா ஒரு பெட்டியைத் தூக்கினாள். கணவன் இரண்டைத் தூக்கினான். பிள்ளைகள் உட்காரும் சீட்டுகளில் எழுத்து அட்டைகளும் கதைப் புத்தகங்களும் ஏறின. டீச்சர் முன் சீட்டில், சிட்டுவின் இடத்தில் உட்கார்ந்தார்.

பாலத்தின்மேல் போகும்போது வேன்க்கா கேட்டாள். "வீட்டுல நான் எப்படி டீச்சர் சொல்லிக் கொடுக்கிறது?"

"நீங்க சொல்லிக் கொடுக்காதீங்க. அவ படிக்கட்டும், நீங்க கேளுங்க. அவ இதுவரைக்கும் பாக்காத புத்தகமா இருக்கணும். சின்னதாப் போதும். தடுக்கினா சொல்லை எடுத்துக் கொடுக்காதீங்க. உங்க மூஞ்சியைப் பாப்பா. பாத்தா, நீங்க ஜன்னலைப் பாருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவ அழறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. மறுநாளும் உக்காருங்க. அதுதான் கஷ்டம்."

புதிய பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். புது டீச்சர் வருகிறார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள் போல. நான் நீ என்று பெட்டிகளுக்குப் போட்டி. சில பெற்றோரும் வந்து நின்றிருந்தார்கள். யாரும் அவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கவில்லை. டீச்சர் இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, மெல்லிய கதைப் புத்தகங்கள் சிலவற்றை எடுத்து முன் சீட்டில் வைத்தார். "இதை எண்ணமாட்டாங்க. வெச்சுக்கோங்க," என்றார். பிறகு பிள்ளைகள் சூழ உள்ளே போனார்.

வேன்க்கா வண்டியைத் திருப்பினாள். வேலைக்குப் போகும் இடத்தில் கணவனை இறக்கிவிட்டு, நேராகப் பேக்கிங் கம்பெனிக்குப் போனாள். சூப்பர்வைசர் கேட்டருகே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சாயங்கால ஷிப்டுக்கு இனிமே நான் வரமுடியாதுண்ணே. வேற வண்டி பாத்துக்கோங்க."

"ஏன்க்கா, வண்டியில ஏதாவது கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. அந்த நேரத்துல என் பொண்ணு படிக்கிறதை உக்காந்து கேக்கணும்," என்றாள்.